சாமான் பட்டியலில் கொட்டானைத் தேட கிரெப்

காரைக்குடிப் பக்கத்துப் பெரிய வீடுகளில் பங்காளிகள் சேர்ந்து எடுக்கும் சாமான் பட்டியலை சாதாரண டெக்ஸ்ட் கோப்பிலேயே வைத்துக்கொள்ளலாம். அதில் கொட்டான் (ஓலைக் கூடை) போன்ற ஒரு பொருளைத் தேட கிரெப் போதும்; ஒரு சொல் உள்ள வரிகளைக் கோப்பிலிருந்து எடுத்துக் காட்டும் கட்டளை அது. பொருளுக்கு நான்கு வரி, அப்புறம் ஒரு வெற்று வரி:

கொட்டான், பெரியது
எண்ணிக்கை: 6
இடம்: இரண்டாங்கட்டு
குறிப்பு: மூடி இல்லை

கோப்பின் பெயர் 'பட்டியல்' என்று வைத்துக்கொள்வோம். லினக்ஸ் அல்லது மேக் டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டும் சாளரம்), கோப்பு இருக்கும் ஃபோல்டருக்குப் போய்த் தட்டுங்கள்:

கிரெப் 'கொட்டான்' பட்டியல்

கிரெப் என்பதை ஆங்கிலச் சிற்றெழுத்தில் (grep) தட்ட வேண்டும். கீழே வரும் ஏ, பி, சி மூன்றும் ஆங்கில அகரவரிசையின் முதல் மூன்று எழுத்துகள். அவை பெரிய எழுத்தில்.

சொல் இருக்கும் வரி மட்டும்தான் வரும். எத்தனை, எங்கே என்பது தெரியாது. அதற்குத்தான் சுற்றுவரி ஆப்ஷன்கள்: -ஏ கீழே உள்ள வரிகள், -பி மேலே உள்ளவை, -சி இரண்டு பக்கமும்.

பலரும் நேராக -சி 3 போடுவார்கள். இந்தப் பட்டியலுக்கு அது ஆபத்து. பொருளின் பெயர் முதல் வரியில் இருப்பதால், மேலே வரும் மூன்று வரிகளில் முந்தைய பொருளின் இடமும் குறிப்பும் ஒட்டிக்கொள்ளும். முந்தைய பொருள் மரவை (மரப் பாத்திரம்) என்றால், அது இருக்கும் அறையில் கொட்டானைத் தேடுவீர்கள். சரியானது:

கிரெப் -ஏ 3 'கொட்டான்' பட்டியல்

இரண்டாங்கட்டில் (வீட்டின் இரண்டாம் முற்றப் பகுதி) என்னென்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டுமா? இடம் மூன்றாவது வரி. மேலே இரண்டு, கீழே ஒன்று:

கிரெப் -பி 2 -ஏ 1 'இரண்டாங்கட்டு' பட்டியல்

குறிப்பு எதுவும் இல்லாத பொருளுக்கும் 'குறிப்பு:' என்ற வரியை விட்டுவிடாதீர்கள். ஒரு வரி குறைந்தால் கணக்கு தப்பும். விடைகளுக்கு இடையே வரும் -- கிரெப் போடும் பிரிப்புக்கோடு, கோப்பில் இருப்பதல்ல. சிற்றெழுத்து -என் சேர்த்தால் வரி எண்ணும் வரும்: சொல் கிடைத்த வரியில் எண்ணுக்குப் பின் முக்காற்புள்ளி, சுற்றுவரியில் சிறுகோடு.

'கொட்டான்' என்று ஒரு கோப்பே இல்லை எனப் பிழை வந்தால், பெரிய எழுத்துக்குப் பதில் சிற்றெழுத்தைத் தட்டியிருப்பீர்கள். சிறிய சி வரிகளை எண்ணும் ஆப்ஷன், அதற்கு எண் தேவையில்லை. அதனால் 3-ஐயே தேடும் சொல்லாகவும், கொட்டானைக் கோப்பின் பெயராகவும் எடுத்துக்கொள்ளும்.

தமிழுக்கே உரிய சிக்கல்கள் இரண்டு. 'கொட்டான்' என்று தேடினால் 'கொட்டானில்' கிடைக்காது, புள்ளி இடிக்கும். புள்ளியை விட்டு 'கொட்டான' என்று தேடுங்கள், இரண்டும் வரும். அதேபோல 'வீட' என்றால் வீடும் வீட்டில் என்பதும் சிக்கும் (வீடியோவும் சேர்ந்து வரும், பரவாயில்லை).

அடுத்தது, கண்ணுக்குத் தெரியாதது. 'கொ'வின் ஒகரக் குறி யூனிகோடில் ஒரே குறியாகவும் இருக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறியாகவும் இருக்கலாம். திரையில் வித்தியாசம் தெரியாது, கிரெப்புக்கு இரண்டும் வேறு. சந்தேகம் வந்தால் முதல் எழுத்தை விட்டு 'ட்டான' என்று தேடிப் பாருங்கள். 'கேட்டான்' போன்றவையும் வரும், தள்ளிவிடலாம்.

எதைத் தேடினாலும் வெறுமையாக இருந்தால், கோப்பு நோட்பேடில் யூடிஎஃப்-16 (எழுத்துகளைச் சேமிக்கும் வேறொரு முறை) ஆகச் சேமிக்கப்பட்டதா என்று பாருங்கள். அதே நோட்பேடில் திறந்து, 'சேவ் ஆஸ்' கொடுத்து, என்கோடிங்கை யூடிஎஃப்-8 ஆக்கி, வேறு பெயரில் சேமியுங்கள். பழைய கோப்பு அப்படியே இருக்கட்டும்.