டி செல் வைரஸை எப்படிக் கண்டுபிடிக்கிறது? ஒரு தாளில் வரைந்து பார்க்கலாம்

ஒரு வெள்ளைத்தாளும் இரண்டு நிறப் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். இன்ஃப்ளூயன்சா வைரஸை வைத்தே பார்ப்போம். முதலில் ஒன்றை மனதில் பதியுங்கள்: நோயை எதிர்க்கும் வெள்ளையணுக்களில் ஒரு வகையான டி செல்லுக்கு முழு வைரஸ் தெரியாது. நம் செல் தன் மேற்பரப்பில் ஏந்தி நிற்கும் சிறு புரதத் துண்டுதான் தெரியும். இது பிடிபட்டால் மற்றது தானாக விளங்கும்.

படி 1: இடப்பக்கம் மூச்சுக்குழாய்ச் செல் ஒன்றை வரையுங்கள். உள்ளே புகுந்த வைரஸ் அங்கே தன் புரதங்களை உண்டாக்குகிறது. அவற்றில் சில, புரோட்டியசோம் என்ற பீப்பாய்க்குள் போய்த் துண்டாகின்றன. அந்தத் துண்டுகள் டாப் என்ற வாசல் வழியாக எண்டோபிளாஸ்மிக் ரெட்டிகுலம் என்ற சவ்வு அறைக்குள் நுழைந்து, எம்.எச்.சி. 1 என்ற தட்டில் ஏறி, செல்லின் வெளிப்புறத்துக்கு வருகின்றன. தட்டில் பெரும்பாலும் 8 முதல் 10 அமினோ அமிலங்களுக்குத்தான் இடம். எச்.எல்.ஏ.-ஏ2 வகைத் தட்டு உள்ளவர்களிடம், இந்த வைரஸின் எம்1 புரதத்தில் 58 முதல் 66 வரை உள்ள 9 அமினோ அமிலங்கள் அப்படி ஏறுகின்றன.

டி செல் துண்டோடு தட்டையும் சேர்த்தே பார்க்கிறது. 1974இல் கான்பெராவில் ரோல்ஃப் சிங்கர்நாகலும் பீட்டர் டோஹர்ட்டியும் எலிகளில் இதைக் காட்டினார்கள். ஓர் எலியின் கொல்லும் டி செல்கள், அதே தட்டு வகை கொண்ட நோயுற்ற செல்களைக் கொன்றன. வேறு தட்டு வகை என்றால், அதே வைரஸ் இருந்தும் தொடவில்லை. 1996இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது.

படி 2: அந்தச் செல்லுக்குப் பக்கத்தில், கைகள் நீட்டிய டென்ட்ரிடிக் செல்லை வரையுங்கள். புதிய டி செல்கள் நுரையீரலுக்குள் தேடி வருவதில்லை. அவை நிணநீர் முடிச்சுகளைத்தான் சுற்றிவருகின்றன. அதனால் டென்ட்ரிடிக் செல் வைரஸையும் செத்த செல்களின் மிச்சத்தையும் விழுங்கிக்கொண்டு அங்கே போகிறது. தொண்டை வலியின்போது கழுத்தில் ‘நெறி கட்டியிருக்கு’ என்கிறோமே, அந்த இடம்தான் நிணநீர் முடிச்சு.

படி 3: பலரும் குழம்புவது இங்கேதான், நிறத்தை மாற்றுங்கள். விழுங்கியவை எண்டோசோம் என்ற சிறு பையின் அமிலத்தில் சிதைந்து எம்.எச்.சி. 2 தட்டில் ஏறுகின்றன. இதைப் படிப்பது சிடி4 என்ற உதவும் டி செல். எம்.எச்.சி. 1ஐப் படிப்பது சிடி8 என்ற கொல்லும் டி செல். அப்படியென்றால் வைரஸ் தொற்றாத டென்ட்ரிடிக் செல் சிடி8ஐ எப்படி எழுப்பும்? விழுங்கிய புரதத்தில் ஒரு பங்கை அது எம்.எச்.சி. 1 தட்டிலும் வைக்கும். குறுக்கு வழங்கல் என்று இதற்குப் பெயர்.

படி 4: துண்டு பொருந்தினால் மட்டும் போதாது. நம் சொந்தப் புரதத் துண்டுகளும் எப்போதும் தட்டில்தானே இருக்கின்றன! எனவே ஆபத்தை உணர்ந்த டென்ட்ரிடிக் செல் சிடி80, சிடி86 என்ற கைகளையும் நீட்டி, டி செல்லின் சிடி28ஐத் தொட வேண்டும். அது இல்லாவிட்டால் டி செல் செயலற்றுப் போய்விடும். கூடவே சைட்டோகைன்கள் என்ற செய்திப் புரதங்கள் அது எந்த வகையாக வளர வேண்டும் என்று சொல்கின்றன.

படி 5: எழுந்த டி செல் பல்கிப் பெருகுகிறது. அப்புறம் சிடி8 செல்லிலிருந்து முதல் படத்துக்கு அம்பு போடுங்கள். அதே துண்டை ஏந்தி நிற்கும் செல்லை அது பெர்ஃபோரின், கிரான்சைம் என்ற புரதங்களைக் கொண்டு அழிக்கிறது.

படம் முடிந்ததா? இப்போது டாப் வாசலின் மேல் ஒரு பெருக்கல் குறி போடுங்கள். ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸின் ஐசிபி47 புரதம் செய்வது இதைத்தான். அதன் பிறகு எந்த அம்புகள் நின்றுபோகும் என்று தாளைப் பார்த்தே சொல்லுங்கள்.