மேகேதாட்டுக் காட்டுக்காக மனு எழுதுவது எப்படி?

பெங்களூரில் என் வீட்டுக் குழாயில் வருவது காவிரித் தண்ணீர்தான். ஊருக்குக் குடிநீர் வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் காவிரியின் குறுக்கே மேகேதாட்டுவில் அணை கட்ட 2019இல் கர்நாடக அரசு கொடுத்த திட்ட அறிக்கையைப் பாருங்கள். அணையின் கொள்ளளவு 67.16 டிஎம்சி. பெங்களூருக்கு வரப்போவது 4.75 டிஎம்சி. மூழ்கப்போவது ஏறக்குறைய 5,000 ஹெக்டேர். அதில் 3,000க்கும் மேல் காவிரி வனவிலங்குச் சரணாலயம். மனுவின் முதல் பத்தியிலேயே இந்த எண்களை வையுங்கள். ‘காட்டைக் காப்பாற்றுங்கள்’ என்று பொதுவாக எழுதினால் பொதுவான பதில்தான் வரும்.

சரி, எந்தச் சட்டம்? வெறும் குடிநீர்த் திட்டம் என்றால் 2006ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைக்குள் வராது; சுற்றுச்சூழல் அனுமதி வாங்கத் தேவையில்லை. கர்நாடகத்தின் எத்தினஹொளே குடிநீர்த் திட்டம் அப்படித்தான் மேற்குத் தொடர்ச்சி மலைக்குள் நுழைந்தது. மேகேதாட்டுவில் 400 மெகாவாட் மின்நிலையமும் இருப்பதால் தப்ப முடியாது. நாளை மின்சாரத்தைக் கழற்றிவிட்டு வந்தாலும் வன அனுமதி வாங்கியாக வேண்டும்.

நான் பெரிதும் நம்புவது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 29ஆம் பிரிவை. சரணாலயத்து நீரோட்டத்தைத் திருப்பவோ நிறுத்தவோ தலைமை வனவிலங்குக் காப்பாளர் அனுமதி வேண்டும். அதுவும் அங்குள்ள வனவிலங்குகளின் நன்மைக்கு அவசியம் என்றால்தான். நகரத்தின் தாகத்தை அந்தக் காரணத்துக்குள் எப்படி அடக்குவார்கள்? மனுவில் இதை நேரடியாகக் கேளுங்கள்.

அப்புறம், சங்கமத்துக்கு ஒருமுறை போய் வாருங்கள். அர்க்காவதி காவிரியோடு சேரும் இடம். கரையோர நீர்மருத மரங்கள் கிளையோடு கிளை கோத்து நிற்கும். சாம்பல் நிற மலை அணில் அந்தக் கிளைகள் வழியாகத்தான் மரத்துக்கு மரம் தாவிப் போகும். கூடு கட்டுவதும் உச்சிக் கிளைகளில்தான். அணை நிறைந்தால் முதலில் போவது இந்தக் கரை. மேலே சரிவில் இருப்பது குட்டை மரங்களும் முட்புதரும். அங்கே ஏறிப் போய் அது பிழைக்காது. ‘வேறு இடத்தில் மரம் நடுவோம்’ என்பவர்களுக்கு இதை விளக்கி எழுதுங்கள். தேதியும் ஜிபிஎஸ் இடக்குறிப்பும் பதிவான படங்களை இணையுங்கள். வனத்துறை அனுமதியில்லாமல் காட்டுக்குள் இறங்க வேண்டாம்.

அணைக்கு மாற்று வழி பற்றியும் கேட்க வேண்டும். அதற்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் தனியாக ஒரு மனு போடுங்கள். கர்நாடகத்தில் தகவல் உரிமை மனு ஒரே விஷயம் பற்றி, 150 சொற்களுக்குள் இருக்க வேண்டும். பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டர் போதும். பெங்களூர்க் குடிநீர் வாரியத்திடம் இப்படிக் கேளுங்கள்: ‘கடந்த மூன்று ஆண்டுகளில் மாதவாரியாக ஊருக்குள் வந்த நீர் எவ்வளவு, கட்டணம் வசூலித்த நீர் எவ்வளவு?’ இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான் கசிந்தும் கணக்கில் வராமலும் போகும் நீர். அதை 4.75 டிஎம்சிக்குப் பக்கத்தில் வைத்து எழுதுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் மேல்முறையீடு செய்யுங்கள்.

சுற்றுச்சூழல், வன அனுமதி விண்ணப்பங்கள் பதிவாகும் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தை வாராவாரம் பாருங்கள். சுற்றுச்சூழல் அனுமதி வந்துவிட்டால், அதை எதிர்த்துச் சென்னையில் இருக்கும் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுக்குப் போக 30 நாள்தான். தக்க காரணம் காட்டினால் இன்னும் 60 நாள் வரை தருவார்கள். அதை நம்பி இருக்காமல் வக்கீலை இப்போதே பார்த்து வையுங்கள்.