என்எஃப்எல் கம்பைன்: பெஞ்ச் பிரஸ் எண்ணிக்கையை எப்படிப் படிப்பது?

அமெரிக்கன் ஃபுட்பாலின் தொழில்முறை லீகான என்எஃப்எல்லில், அணிகள் சுற்றுச் சுற்றாகப் புது வீரர்களை எடுக்கும் டிராஃப்டுக்கு முன்னால், கல்லூரி வீரர்களை இண்டியானாபொலிஸுக்கு வரவழைத்துச் சோதிப்பார்கள். அதுதான் கம்பைன். அங்கே வலிமைக்கான சோதனை பெஞ்ச் பிரஸ்: 225 பவுண்டு, அதாவது சுமார் 102 கிலோ எடையை மல்லாந்து படுத்தபடி, நிறுத்தாமல் எத்தனை தடவை தூக்குகிறார் என்று எண்ணுவார்கள். புதிதாகப் பார்க்கிறவர்கள் இந்த எண்ணைத்தான் முதலில் பிடித்துக்கொள்கிறார்கள். அதை இப்படிப் படித்துப் பாருங்கள்.

படி 1: எது அளக்கப்படுகிறது என்று கேளுங்கள். எடை எல்லோருக்கும் ஒன்றுதான். அதனால் 30 தடவை தூக்குகிறவர் காட்டுவது பெரும்பாலும் நெஞ்சு, தோள், கை தசைகளின் தாக்குப்பிடிக்கும் திறனை. ஒரே ஒரு தடவையில் வெளிப்படும் உச்ச பலம் வேறு.

படி 2: ஆடும் இடத்தைப் பாருங்கள். முன்வரிசையில் எதிராளியோடு மோதும் லைன்மேனுக்கு இந்த எண் கொஞ்சமாவது பேசும். பந்தை எறியும் குவார்ட்டர்பேக்குகள் பொதுவாக இந்தச் சோதனைக்கே வருவதில்லை.

படி 3: கை நீளத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். நீண்ட கைக்காரர் ஒவ்வொரு தடவையும் பாரை அதிக தூரம் தள்ள வேண்டும், எண்ணிக்கை குறையும். ஆனால் களத்தில் அதே நீண்ட கைதான் எதிராளியைத் தள்ளியே நிறுத்தும். 2018-இல் நீண்ட கைக்காரரான ஆர்லாண்டோ பிரவுன் ஜூனியர் 14 தடவைதான் தூக்கினார். டாக்கிளுக்கு, அதாவது தடுப்பு வரிசையின் ஓரத்தில் நிற்கும் லைன்மேனுக்கு, இது ரொம்பக் குறைவு. டிராஃப்டின் மூன்றாவது சுற்றில் பால்டிமோர் அணி அவரை எடுத்தது. அப்புறம் 2023 பிப்ரவரியில், கான்சஸ் சிட்டி அணியின் இடது டாக்கிளாக, லீகின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலை வென்றார். அந்தப் பருவத்தில் 70 சாக் (குவார்ட்டர்பேக் பந்தை எறியும் முன்பே அவரை வீழ்த்துவது) எடுத்திருந்த எதிரணி பிலடெல்பியாவுக்கு அன்று ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. மறுபக்கம், 1999-இல் 51 தடவை தூக்கிய ஜஸ்டின் எர்னஸ்டை டிராஃப்டில் யாருமே எடுக்கவில்லை.

படி 4: காலைப் பாருங்கள். மல்லாந்து படுத்துக்கொண்டு யாரும் தடுப்பதில்லை. தள்ளும் பலம் காலிலிருந்தும் இடுப்பிலிருந்தும்தான் வருகிறது. அதனால் நின்றபடி மேலே எம்புவதையும், முன்னால் தாவுவதையும் அளக்கும் சோதனைகளை நான் பெஞ்ச் பிரஸைவிட அதிகம் மதிக்கிறேன்.

படி 5: கடைசியாக ஆட்ட வீடியோ. எண்ணிக்கை மிகக் குறைவாக இருந்தால், பழைய தோள் காயம் ஏதும் உண்டா என்று தேடுங்கள். அப்புறம் ஆட்டத்தின் கடைசிப் பகுதியான நான்காவது குவார்ட்டரை மட்டும் ஓடவிட்டு, எதிராளி நெஞ்சில் கைவைத்ததும் இவர் பின்வாங்குகிறாரா, நின்று தாங்குகிறாரா என்று பாருங்கள்.