முதியோருக்குத் தேவையில்லாத பரிசோதனையா? மின்னணுப் பதிவேட்டில் நினைவூட்டல் அமைப்பது எப்படி

மருத்துவமனை மென்பொருளில் 'இதை மறக்காதீர்கள்' என்னும் நினைவூட்டல்கள் ஏராளம். 'இது வேண்டாமே' என்று சொல்பவை குறைவு. அப்படி ஒன்றை அமைத்துப் பார்ப்போம்.

படி 1: ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்துக்கு பிஎஸ்ஏ (ஆண்களின் புராஸ்டேட் சுரப்பி உண்டாக்கும் ஒரு புரதத்தின் அளவு) ரத்தப் பரிசோதனை நல்லது. 70 வயதான, அதைத் தாண்டிய ஆண்களுக்குப் புராஸ்டேட் புற்றுநோயைத் தேடி இதை எடுக்க வேண்டாம் என்று அமெரிக்கத் தடுப்பு மருத்துவப் பணிக்குழு 2018-இல் பரிந்துரைத்தது. வயது பதிவேட்டிலேயே இருப்பதால் விதி எழுதுவதும் சுலபம்.

படி 2: விதிவிலக்குகள். நேரத்தை இங்கேதான் செலவிட வேண்டும். ஏற்கெனவே புராஸ்டேட் புற்றுநோய் உள்ளவருக்குக் கண்காணிப்புக்காக பிஎஸ்ஏ தேவை. அவருக்கும் நினைவூட்டல் வந்தால் மருத்துவர் எரிச்சலாவார். அப்புறம் எது வந்தாலும் படிக்காமல் மூடிவிடுவார். பிறகு சிறுநீர்ப் பரிசோதனைக்கு அமைத்தாலும் இதே கதைதான். காய்ச்சல், நீர்க்கடுப்பு என்று பதிவாகியிருந்தால் நினைவூட்டல் வாயைத் திறக்கக் கூடாது. (அறிகுறியே இல்லாத முதியவரின் சிறுநீரில் கிருமி தெரிவது சகஜம். அதற்கு ஆன்டிபயாடிக் கொடுத்தால் பெரும்பாலும் வயிற்றுப்போக்குதான் மிச்சம்.) சர்க்கரை நோய் மருந்தைக் குறைக்கச் சொல்லும் நினைவூட்டல் என்றால் 75 வயதைத் தாண்டியவர், எச்பிஏ1சி (சுமார் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 7 சதவீதத்துக்குக் கீழே, இன்சுலினோ கிளிமிபிரைடு என்னும் சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்; மூன்றும் சேர்ந்தால் மட்டும் எழட்டும். மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும் எடுப்பவரை விட்டுவிடுங்கள். அது தனியாகச் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்குவது அபூர்வம்.

படி 3: வாசகம். மருத்துவர் பரிசோதனையைப் பதியும் அந்தக் கணத்திலேயே வர வேண்டும். சுருக்கமாக, இப்படி:

"வயது 76. இந்த வயதில் பிஎஸ்ஏவால் நன்மையைவிடத் தீங்கு அதிகம்: தேவையற்ற பயாப்சி, சிகிச்சையால் சிறுநீர்க் கசிவு. தொடர்வதென்றால் காரணம்: ______"

அந்தக் காலியிடம்தான் உயிர். எழுதுவது நோயாளியின் கோப்பில் நிற்கும் என்று தெரிந்தால் கை கொஞ்சம் தயங்கும். ஆனால் பூட்டுப் போட்டுவிடாதீர்கள், முடிவு மருத்துவருடையது.

படி 4: இரண்டு வாரம் திரையில் காட்டாமல் பின்னணியில் ஓடவிடுங்கள். எழுந்தவற்றில் இருபது கோப்புகளைத் திறந்து பாருங்கள். ஐந்தாறு தவறாக இருந்தால், சரி, படி 2-க்குத் திரும்ப வேண்டியதுதான்.

படி 5: திரையில் காட்டத் தொடங்கிய பின், எழுதப்பட்ட காரணங்களை மாதம் ஒருமுறை படியுங்கள். 'நோயாளி கேட்டார்' என்பதே திரும்பத் திரும்ப வருகிறதா? நோயாளியிடம் சொல்ல மருத்துவருக்கு ஒரு வரியையும் வாசகத்தில் சேருங்கள். சர்க்கரை நினைவூட்டலால் மருந்து குறைக்கப்பட்டவர்களில் யாருக்காவது எச்பிஏ1சி 9-ஐத் தாண்டியிருக்கிறதா என்றும் அப்போதே பார்த்துவிடுங்கள்.