பாண்டில இருந்து பாரிஸ் போறீங்களா, ஃப்ளைட் டைம் இப்படி கணக்கு போடுங்க

நம்ம ஊர்ல பாதி வீட்ல யாராவது ஒருத்தர் ஃபிரான்ஸ்ல இருக்காங்க, ஆனாலும் டிக்கெட்ட பார்த்துட்டு "ஏழு மணி நேரம்தான்"னு சொல்றவங்க இன்னும் இருக்காங்க. டிக்கெட்ல போட்டிருக்கறது அந்தந்த ஊர் டைம்ங்க, நேரா கழிச்சா தப்பாதான் வரும்.

சென்னை டூ பாரிஸ் நேர்கோட்டுல சுமார் 8,000 கிலோமீட்டர். பெரிய ஜெட் மணிக்கு 850லருந்து 900 போகும்னு வெச்சு வகுத்து, ஏறி இறங்க ஒரு அரை மணி சேத்தா எப்படியும் ஒம்போதரை பத்து மணி நேரம், போறப்ப எதிர்காத்து வேற, ஏதாவது நாட்டு வான்வெளி மூடியிருந்தா சுத்திதான் போகணும், அதனால இன்னும் கூடும். திரும்பி வர்றப்ப காத்து பின்னாடி தள்ளும், கொஞ்சம் சீக்கிரம் வந்துடலாம்.

பாரிஸ் நம்மள விட குளிர்காலத்துல நாலரை மணி நேரம் பின்னாடி, மார்ச் கடைசி ஞாயிறுலருந்து அக்டோபர் கடைசி ஞாயிறு வரைக்கும் மூன்றரை. ஜனவரில ராத்திரி 1 மணிக்கு கிளம்பி காலைல 8க்கு இறங்குதுன்னா 7 கூட நாலரை, மொத்தம் பதினொன்னரை மணி நேரம். வர்றப்ப அதையே கழிக்கணும்.

முக்கியமா தேதிய பாருங்க. 21ஆம் தேதி ராத்திரி 1 மணின்னா 20ஆம் தேதி சாயங்காலமே பாண்டில வண்டி ஏறிடணும், ஈசிஆர்ல மூணு மணி நேரம், ஏர்போர்ட்ல மூணு மணி நேரம், சனி ஞாயிறா இருந்தா டிராஃபிக்குக்கு இன்னும் ஒரு மணி நேரம் போட்டுக்கோங்க.