மறதி நோயாளிக்கு நீர்பிரம்மி கொடுக்கும் முறை

அல்சைமர் என்று டாக்டர் சொன்ன கையோடு நாட்டு மருந்துக் கடையில் ‘பிரம்மிப் பொடி’ வாங்கிவிடுகிறோம். முதல் பிழை அங்கேயே நேர்கிறது. அந்தப் பெயரில் இரண்டு செடிகள் விற்கின்றன. வல்லாரைக்கு நீண்ட காம்பின் நுனியில் சிறுநீரக வடிவத்தில் ஒற்றை இலை. நீர்பிரம்மிக்குச் சதைப்பற்றான சிறு இலைகள், எதிரெதிராக. அரைத்த பின் கண்ணால் பிரிக்க முடியாது. அட்டையில் ‘பக்கோபா மொன்னியேரி’ என்று இருந்தால்தான் அது நீர்பிரம்மி; ‘சென்டெல்லா ஏசியாட்டிகா’ என்றால் வல்லாரை.

வாங்குவதற்கு முன் ரத்தத்தில் பி12, தைராய்டு அளவுகளைப் பார்த்துவிடுங்கள். இவை குறைவதால் வரும் மறதியைப் பல நேரம் சரிசெய்ய முடியும். ஓரிரு நாளில் திடீரென்று குழம்பிப் பேசினால் மூலிகையைத் தேட வேண்டாம். சிறுநீர்த் தொற்றாகக்கூட இருக்கலாம், உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஆய்வுகளில் பெரும்பாலும் கொடுத்தது தினம் 300 மில்லிகிராம் எக்ஸ்ட்ராக்ட் (செடியிலிருந்து பிரித்தெடுத்த செறிவான சாரம்), 12 வாரம். பலன் தெரிந்ததுகூடப் பெரும்பாலும் அல்சைமர் இல்லாத பெரியவர்களிடம்தான். ஆகவே நோய் திரும்பிப் போய்விடும் என்று நம்பிக் கொடுக்காதீர்கள். ஒரு ஸ்பூன் பொடி இந்த 300 மில்லிகிராமுக்குச் சமம் ஆகாது. நீர்பிரம்மியின் முக்கிய வேதிப்பொருளான பக்கோசைடு எத்தனை சதவீதம் என்று அச்சிட்ட கேப்சூலையே வாங்குங்கள்.

காலைச் சாப்பாட்டுக்குப் பின் கொடுங்கள். வெறும் வயிற்றில் கொடுத்தால் குமட்டல், வயிற்று வலி, பேதி வரலாம். அதே வாரத்தில் வேறு எந்தப் புது மருந்தையும் தொடங்காதீர்கள். தொந்தரவு வந்தால் காரணம் எது என்று தெரியாமல் போகும்.

அல்சைமருக்கு டாக்டர் எழுதித் தரும் டோனெபெசில் மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் டாக்டரிடம் கேட்காமல் தொடங்கவே கூடாது. நினைவாற்றலுக்குத் தேவையான அசிட்டைல்கோலின் என்ற மூளை வேதிப்பொருளை உடைக்கும் நொதியை அந்த மாத்திரை தடுக்கிறது. சோதனைக்கூடத்தில் நீர்பிரம்மியும் அதையே செய்கிறது. இரண்டும் சேர்ந்தால் நாடித்துடிப்பு குறையலாம். வாரம் இருமுறை நாடி பாருங்கள். நிமிடத்துக்கு 60க்குக் கீழே இறங்கினாலோ எழும்போது தலை சுற்றினாலோ கேப்சூலை நிறுத்திவிட்டு டாக்டரிடம் சொல்லுங்கள். இந்த வயதில் ஒருமுறை விழுந்தாலே இடுப்பெலும்பு முறியலாம்.

செடியிலிருந்து வந்த மருந்துதான் வேண்டும் என்றால் கேலன்டமைன் இருக்கிறது. ஸ்னோடிராப் என்ற பூச்செடியின் கிழங்கில் கண்டெடுத்தது, 2001இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அளவு துல்லியமானது: தினம் 8 மில்லிகிராமில் தொடங்கி, நான்கு வாரத்துக்குப் பின் டாக்டர் கூட்டுவார். மறதிக்கு என்று விற்கும் ஜிங்கோ மர இலைச் சாரத்துக்குப் பணம் செலவழிக்காதீர்கள். 75 வயது தாண்டிய 3,069 பேரை வைத்து நடந்த, 2008இல் வெளியான ஆய்வில், தினம் 240 மில்லிகிராம் கொடுத்தும் மறதி நோய் வருவது குறையவில்லை. ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரினோ வார்ஃபரினோ சாப்பிடுபவருக்கு ரத்தக்கசிவு ஆபத்து வேறு.

பலனை நோட்டில் எழுதி அளவிடுங்கள். தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்பே எழுத ஆரம்பிக்க வேண்டும். அப்போதுதான் ஒப்பிட முடியும். மாலை 4 முதல் 6 மணிக்குள் ஒரே கேள்வியை எத்தனை முறை கேட்டார், சட்டைப் பொத்தானைத் தானே போட்டாரா, இரவில் எத்தனை முறை எழுந்தார் என்பவை போதும். ‘இன்று தெளிவாக இருந்தார்’ என்று மட்டும் எழுதினால் பயன் இல்லை, நம் ஆசையே அப்படி எழுத வைக்கும்.

12 வாரத்தில் எண்ணிக்கை மாறவில்லை என்றால் கேப்சூலை நிறுத்திவிடலாம். மாறியிருந்தாலும் டோனெபெசிலை நீங்களாக நிறுத்தாதீர்கள். நிறுத்திய சில வாரங்களிலேயே மறதி கூடக்கூடும்.