வாய் திறக்காமல் ஜெபிக்க மொட்டை மாடியில் ஒரு கோலம்

ஜெபக்குழுவில் பத்துப் பேர் இருந்தால் வாய்விட்டு ஜெபிப்பவர்கள் மூன்று பேர்தான். எல்லா வாரமும் அதே மூன்று பேர். மற்ற ஏழு பேரும் தங்கள் முறை வந்துவிடுமோ என்ற பயத்தில், கண்ணை மூடிக்கொண்டு வாக்கியம் கோத்துக்கொண்டிருப்பார்கள். நானும் பல ஆண்டுகள் அந்த ஏழு பேரில் ஒருத்தி. பைபிளில், உதடு மட்டும் அசைய ஜெபித்த அன்னாளைப் பார்த்து, குடித்திருக்கிறாள் என்று ஆசாரியன் ஏலியே நினைத்துவிட்டாரே. சத்தமில்லாத ஜெபத்துக்கு மரியாதை அப்போதே குறைவுதான்.

பேச வராதவர்களுக்குக் காலுக்கும் கைக்கும் ஒரு வேலை கொடுத்துப் பாருங்கள். எங்கள் குழுவுக்குச் சரிப்பட்டது ஏழு சுற்றுப் பாதை. தரையில் கோலமாகப் போட்டு, கோடுகளுக்கு நடுவே நடப்பது; ஆங்கிலத்தில் லாபிரிந்த் என்பார்கள். ஒரே வாசல், ஒரே வழி. வழி தவறவே முடியாது. வளைந்து வளைந்து நடுவுக்குப் போய், அதே வழியில் திரும்ப வேண்டும்.

இடமும் பொருளும்

25 அடிக்கு 25 அடி இடம் வேண்டும். மொட்டை மாடி போதும், சபை வளாகம் இன்னும் நல்லது. நன்றாகப் பெருக்கிவிடுங்கள், எல்லோரும் வெறுங்காலில் நடக்கப்போகிறார்கள். கோலத்துக்குக் கல்பொடியே போதும். அரிசிமாவில் போட்டால் ஜெபம் முடிவதற்குள் எறும்பு வந்துவிடும். ஒரு சாக்கட்டி, அளவு நாடா, ஆளுக்கொரு கூழாங்கல், ஓர் அகலமான பாத்திரத்தில் தண்ணீர். அவ்வளவுதான்.

வரைவது

முதலில் சாக்கட்டியால் ஒரு கூட்டல் குறி போடுங்கள். நிமிர்ந்த கோடு 6 அடி, குறுக்குக் கோடு 6 அடி. அடிமுனை மாடியின் ஓரத்திலிருந்து ஐந்து அடி தள்ளி இருக்கட்டும். முதல் தடவை நான் மாடியின் நட்டநடுவில் போட்டுவிட்டேன். மேல் வளைவுகள் கைப்பிடிச் சுவரில் ஏற வேண்டியதாகிவிட்டது.

குறியின் நான்கு மூலைகளிலும் ஒவ்வொரு 'ட' வடிவம் வேண்டும். அதன் மடிப்பு மையத்தைப் பார்த்திருக்க வேண்டும். இரு கைகளும் கூட்டல் குறியின் கோடுகளுக்கு இணையாக, ஒன்றரை அடி தள்ளி, வெளிப்பக்கம் நீள வேண்டும். கை ஒவ்வொன்றும் ஒன்றரை அடி. அதற்கும் வெளியே, சதுரத்தின் நான்கு மூலைகளிலும் நான்கு புள்ளிகள். கோடுகளின் முனைகளையும் புள்ளிகளையும் சேர்த்து எண்ணினால் பதினாறு வரும். வராவிட்டால் அங்கேயே நிறுத்திச் சரிபாருங்கள்.

இனி எட்டு வளைவுகள். கூட்டல் குறியின் உச்சியை, அதற்கு வலப்பக்கம் அடுத்துள்ள முனையோடு சிறு வளைவால் இணையுங்கள். பிறகு உச்சிக்கு இடப்பக்கம் உள்ள முனையிலிருந்து, முதல் வளைவுக்கு மேலாக, வலப்பக்கத்தில் அடுத்து மிஞ்சியிருக்கும் முனைக்கு (புள்ளியும் ஒரு முனைதான்). இப்படியே இடத்தில் ஒன்று, வலத்தில் ஒன்று. வளைவுகளுக்கு நடுவே எப்போதும் ஒன்றரை அடி. கடைசி வளைவு கூட்டல் குறியின் அடிமுனையில் வந்து முடியும். அதற்கு இடப்பக்கம் திறந்திருப்பது வாசல். முதலில் ஒரு தாளில் இரண்டு முறை போட்டுப் பழகுங்கள். புள்ளிக் கோலம் போடுகிறவர்களுக்குப் பத்து நிமிட வேலை. சாக்கட்டிக் கோட்டின்மேல் கடைசியாகப் பொடி விடுங்கள்.

"கோலமா? இது நம்முடையதா?" என்று ஒருவராவது கேட்பார். சிலுவைபோல் தொடங்குவதால் இது கிறிஸ்தவக் குறி என்று சொல்லிச் சமாளிக்காதீர்கள். கிரேக்கத்தின் பைலோஸில் கிடைத்த, கி.மு. 1200 வாக்கிலான களிமண் பலகையிலேயே இந்த ஏழு சுற்று இருக்கிறது. நம் பொள்ளாச்சிப் பக்கம் கெடிமேட்டில் கல்லால் அமைத்திருக்கிறார்கள். 13-ஆம் நூற்றாண்டில் பிரான்சின் சார்த்ரு பேராலயத் தரையில் பதினொரு சுற்றாகப் பதித்தார்கள். பாதை எல்லோருக்கும் பொது, நடக்கிற மனம் நம்முடையது என்று சொல்லிவிட்டு வேலையைப் பாருங்கள்.

நடப்பது

நடுவில் தண்ணீர்ப் பாத்திரத்தை வையுங்கள். ஆளுக்கொரு கல்லைக் கையில் கொடுத்து, மனதில் இருப்பது எதுவோ அதை அந்தக் கல்லாக நினைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். விளக்கம் இரண்டு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். யோர்தானைக் கடந்ததன் நினைவாக யோசுவா கில்காலில் நாட்டிய பன்னிரண்டு கற்களின் கதை உங்கள் நாவில் வந்து நிற்கும். அன்று ஒருநாள் விட்டுவிடுங்கள்.

ஒருவர் உள்ளே போய் ஒரு நிமிடம் கழித்து அடுத்தவர். நுழைந்ததும் பாதை, வெளியிலிருந்து எண்ணினால் மூன்றாம் சுற்றுக்கு இழுக்கும். பிறகு இரண்டு, ஒன்று என்று வெளிவிளிம்புக்கே தள்ளிவிடும். அடுத்து நான்கு, நேரே ஏழு. பாத்திரம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். அங்கிருந்து மறுபடி ஆறு, ஐந்து என்று விலக்கிக்கொண்டு போய்த்தான் நடுவில் விடும். இதை முன்கூட்டியே யாருக்கும் சொல்லிவிடாதீர்கள். எதிரெதிரே வருகிறவர்கள் தோளைச் சாய்த்து வழிவிட்டால் போதும். நடுவில் கல்லைத் தண்ணீரில் விட்டு, நிற்க வேண்டிய அளவு நின்று, திரும்பலாம்.

முழங்கால் வலிக்காரர்களுக்கு அட்டையில் அதே வடிவத்தைச் சணல் நூலால் ஒட்டி மடியில் கொடுங்கள். கண்ணை மூடி, விரலால் நூல்களுக்கு இடையே போகலாம். எங்கள் குழுவில் நல்ல காலுள்ளவர்களும் இப்போது இதைத்தான் கேட்கிறார்கள்.

முடிந்த பிறகு "என்ன உணர்ந்தீர்கள்?" என்று வட்டமாக உட்காரவைத்துக் கேட்காதீர்கள். நான் கேட்டேன். எப்போதும் பேசாத ஓர் அண்ணனிடம், "அந்தக் கல் யாருக்காக?" என்றும் கேட்டுவிட்டேன். அவர் எழுந்துபோய், பாத்திரத்துக்குள் கையை விட்டுத் தம் கல்லைத் தேடி எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். வெள்ளைச் சட்டை, பையைச் சுற்றி ஈரம் மெல்லப் பரவியது.

அடுத்த வாரம் அந்தக் கல்லோடு வந்தார். நான் பார்க்காததுபோல் விளக்குமாற்றைத் தேடப் போனேன்.